இரைச்சல் இல்லாத ஆம்ப்

உங்கள் அறையில் டியூப்லைட் இரைகிறது இன்ஸ்பெக்டர் சார். சோக் போயிருக்கும். ஒரு ஸ்டூல் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவேன். வேண்டாமா, சரி. எனக்கு இரைச்சல் ஆகாது, அதனால் சொன்னேன்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற அவருடைய ஆம்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தக் கால ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்ட பழைய ஆம்ப், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதற்கு முன்னால் தரையில், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற ஐந்து பெடல்கள். பதினோரு வருடமாக எல்லாவற்றையும் சுமந்து, ஒயர் மாட்டி, நிகழ்ச்சி முடிந்ததும் அணைத்து எடுத்து வந்தது நான்தான். அணைப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் ஸ்டாண்ட்பை சுவிட்ச். அதில் சத்தம்தான் நிற்கும், மின்சாரம் நிற்காது. பிறகு முப்பது வரை எண்ணிவிட்டுத்தான் மெயின். அவசரப்பட்டால் வால்வின் ஆயுசு குறையும் என்பது என் நம்பிக்கை. சிலர் சிரிப்பார்கள்.

நான்கு மாதம் முன்பு மாப்பிள்ளை ஒரு டிஜிட்டல் டப்பா வாங்கி வந்தார். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. ஐந்து பெடலும் ஆம்பும் செய்கிற வேலையை அது ஒன்றே செய்யுமாம்.

"மச்சான், இத நேரா ஹால் ஸ்பீக்கர்ல சொருகினா போதும். நீங்களும் முதுகு ஒடியத் தூக்க வேண்டாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். முதுகு ஒடிகிறது என்று நான் எப்போதாவது சொன்னேனா? டப்பாவுக்கு ஒரு ஆள் போதும், அந்த ஆள் அவரே. அன்றைக்குப் பிடித்த பயம் சார். சத்தத்தில் வித்தியாசம் இருந்திருந்தால் வாதாடியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசம் தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்பில் ஒரு குறை உண்டு. வாசிக்காதபோது உம்மென்று இரையும். "அது மட்டும் போச்சுன்னா நான் ஏன் டப்பாவுக்குப் போறேன்?" என்றார். மறுநாளே நிறுத்திக் கொடுத்தேன். எர்த் ஒயரைக் கழற்றினேன், அவ்வளவுதான். எர்த் இல்லாவிட்டால், கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் கிட்டார் கம்பிவரை வந்து நிற்கும். வாசிப்பவர் மைக்கில் உதட்டை வைத்தால் அவர் வழியாக இறங்கும். எனக்குத் தெரியும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், நாற்பது வோல்ட் காட்டியது. மாப்பிள்ளை சந்தோஷமாக டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த நிகழ்ச்சியிலேயே சொன்னார். "மச்சான், மைக்ல உதடு பட்டா சுருக்குனு இழுக்குது. பயமா இருக்கு."

"ஹால் மைக் சரியில்ல மாப்ள. டப்பாவா இருந்தாலும் இழுக்கும்."

அதன் பிறகு நான் இல்லாமல் அவர் மேடை ஏறவில்லை. வந்ததும் வராததுமாக "மச்சான் எங்க?" என்று தேடுவார். நான் போய் மைக்கில் என் உதட்டை வைத்துக் காட்டுவேன். கிட்டாரைப் பிடிக்காமல் தொட்டால் ஒன்றும் ஆகாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பதினோரு வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒருநாள் தங்கை என் ரிப்பேர் பட்டறைக்கு வந்தாள். "அண்ணா, மேடைன்னாலே மொத நாள் ராத்திரி அவரு தூங்கறதில்ல. டப்பாவையே எடுத்துக்கட்டுமே?"

"நான் எல்லாம் பாத்துட்டேம்மா."

"நீ பாத்தேன்னா சரிண்ணா." முகம் தெளிந்து போனாள். அன்று காலை மீட்டரில் நூற்றுப் பத்து. ஆம்புக்குள்ளே ஏதோ கெட்டுக்கொண்டே வந்தது. எர்த் ஒயர் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. ஒரே ஒரு திருகாணி வேலை. போட்டால் இரைச்சல் திரும்ப வந்துவிடும். டப்பாவும் அலமாரியிலிருந்து வந்துவிடும்.

ஞாயிறு மாலை, மூன்றாவது பாட்டு. மாப்பிள்ளை கத்தவில்லை. கிட்டார் கழுத்தைப் பிடித்த கை மூடியபடி நின்றுவிட்டது, உடம்பு உதறியது. "மெயினை அணை! மெயினை அணை!" என்று எல்லாத் திசையிலிருந்தும் குரல். சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரம். நான் ஸ்டாண்ட்பையை அணைத்தேன். எண்ணத் தொடங்கினேன்.

பதற்றத்தில் பழக்கதோஷம் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். நான் பதறவில்லை. ஒன்பதில் டிரம்மர் ஓடி வந்தார். அவரை இடது கையால் தள்ளிவிட்டேன், படியில் விழுந்தார். பதினாறில் முன்வரிசையிலிருந்து தங்கை "அண்ணா" என்றாள். மாப்பிள்ளை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மைக்கைத் தொட்டுக் காட்டும்போது பார்ப்பாரே, அதே பார்வை. முப்பது வந்ததும் மெயினை அணைத்தேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரைச்சலை நிறுத்தச் சொன்னார், நிறுத்திக் கொடுத்தேன். ஆம்பை உங்கள் கிடங்கில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வால்வு ஒன்றுகூடப் போகவில்லை. சோதனைக்குப் போடுவீர்கள் இல்லையா, போடுங்கள். அணைக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடுங்கள் சார். வேறு யாராவது அவசரப்பட்டுவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.