கழுத்தில் தொங்கிய டேக்

பிள்ளைகளே, ஒரகடம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை. குடும்ப உதவித்தொகைக்காக வீட்டுக்கு விசாரிக்க வந்த ஆபீசர், மனுவைத் தள்ளிவிட்டாராம்.

"வேலையே இல்லன்னு சொல்ற ஆளு, கம்பெனி டேக்கை மாட்டிக்கினாய்யா நிப்பான்?"

"கழட்ட மறந்துட்டம்மே."

"கேன்டீன்ல குடுக்கறது அரை நாள் வேலை. டேக் மட்டும் தூங்கும்போதும் கழுத்துல கீது!"

"வேலை இல்லன்னு சொல்லச் சொன்னதே நீதானே?"

"ஆமா. அரை நாள் வேலைன்னு உண்மையச் சொல்லியிருந்தா பணம் வந்திருக்கும்னு ஆபீசரு சொல்லிட்டுப் போறாரு. இப்ப வாடகைக்கு இன்னா பண்ணுவே? டேக்கைக் கொண்டுபோயி ஹவுஸ் ஓனரம்மா கழுத்துல மாட்டு!"

பஸ்ஸே சிரித்தது.

அன்று நம் வீட்டுக்கும் ஆபீசர் வருவதாக இருந்தது. ஸ்டாப்பில் தனியாக இறங்கியதும், பைக்குள் ஒளித்து வைத்திருந்த என் டேக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.