பூஜ்யம்னு போட்டுடு

இல்ல மாமா, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்லயே. ஒரு வார்த்தை பேசல உங்க பொண்ணு. இங்க கிளம்பி வரும்போதுகூட, ஃப்ரிட்ஜுல பால் இருக்கு, காய்ச்சிக்கோங்கன்னுதான் சொன்னா.

உங்ககிட்ட என்ன சொன்னா? வேலை அலுத்துப்போச்சு, விட்டுட்டேன்னா? அப்படியா சொன்னா. ம்.

அத்தையக் கூப்பிடாதீங்க, அவங்க பாட்டுக்கு வேலையப் பாக்கட்டும். உங்ககிட்ட சொன்னாப் போதும். அவ குளிச்சுட்டு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன். அவ எதிர்ல எனக்கு வாயே வராது.

ஒரே ஆபீஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் என்ன வேலைன்னு கல்யாணத்தப்பவே கேட்டீங்க. கம்ப்யூட்டர்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டேன். இப்ப கொஞ்சம் விவரமாச் சொல்றேன், இல்லேன்னா இது புரியாது. எங்க கம்பெனி கிளினிக்குங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போடற சாஃப்ட்வேர நடத்துது. அது ஓடறதுக்கு சர்வர் வேணும், பெரிய கம்ப்யூட்டர்னு வச்சுக்கோங்களேன். எல்லாம் எங்கயோ வாடகைக்கு எடுத்தது. முன்னெல்லாம் ஆள் உக்காந்து ஒவ்வொண்ணா ஏத்துவாங்க. இப்ப அப்படி இல்ல. எத்தனை வேணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டாப் போதும். டூல்னு ஒரு புரோகிராம் அதப் படிக்கும். குறைச்சலா ஓடுதா, ஏத்தும். கூட இருக்கா, எடுத்துடும். எடுக்கறதுன்னா நிறுத்தி வைக்கறதில்ல மாமா, அழிச்சே போட்டுடும். எதுக்குன்னு கேக்காது.

அந்த எண்ணிக்கைய நாங்க கையால போடறதும் இல்ல. எந்தெந்த கிளினிக் நம்மகிட்ட இருக்குங்கற பட்டியல் வேற எடத்துலேர்ந்து வரும். அத எண்ணி, அதுக்குத் தக்கபடி சர்வர். புதுசா ஒரு கிளினிக் சேந்தா தன்னால ஒண்ணு கூடும். உங்க பொண்ணோட ஏற்பாடுதான் அது. என்னவிட அவ கெட்டிக்காரி மாமா. இத நான் யார்கிட்டயும் வாய்விட்டுச் சொன்னதில்ல. ஆனா அவ இருக்கற டீமுக்கு லீட், அதாவது தலைமை, நான்.

அந்த டூலும் ஒண்ணும் மக்கு இல்ல. மைனஸ்ல எண்ணு வந்தா கத்தும். எண்ணே வரலேன்னா, எத்தனைன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்னு அப்படியே நின்னுடும். ஆனா பூஜ்யம் வந்தா நிக்காது. பூஜ்யமும் ஒழுங்கான எண்ணுதானே. சரி, ஒண்ணுமே வேணாம்னு சொல்றாங்கன்னு இருக்கறத எல்லாம் வாரிடும். அதுக்குத்தான் உங்க பொண்ணு தனியா ஒரு வரி எழுதி வச்சிருந்தா. பூஜ்யம் வந்தா நில்லு, ஆளக் கூப்பிடுன்னு. அவதான் உங்களுக்குத் தெரியுமே, வீட்டப் பூட்டினா திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாக்கறவ. நான் கிண்டல் பண்ணுவேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், புதுசா ஒரு ஏரியா திறக்கணும். அந்த ஏரியாவோட கிளினிக் பட்டியல் இன்னும் வரல. டூல் நின்னுடுச்சு. எங்க மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னாலயே நிக்கறார், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தர்றதா யாருக்கோ வாக்கு குடுத்துட்டாராம். இவ, பட்டியல் நாளைக்கு வந்துடும், ஒரு நாள் பொறுங்கன்னா. நான் சொன்னேன், பட்டியல் வரலேன்னா பூஜ்யம்னு எடுத்துக்கச் சொல்லி ஒரு வரி சேரு, புது எடத்துக்கு இப்ப ஒரு சர்வரும் தேவையில்ல, வேலை நகந்துடும்னு.

அப்ப அவ கேட்டா மாமா. தெரியலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணான்னு கேட்டா.

அந்த வரி புது ஏரியாவுக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும் சேத்துப் பாயும். தவிர, அவ வச்ச காவலயும் எடுத்தாகணும், இல்லேன்னா அது பூஜ்யத்தப் பாத்துட்டு மறிக்கும். இதையெல்லாம் பொறுமையாத்தான் சொன்னா. மொத்த டீமும் பாத்துக்கிட்டு இருக்கு. மேனேஜர் பின்னால பெருமூச்சு விடறார். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, குரல ஒசத்திட்டேன். இது வீடு இல்ல, ஆபீஸ். பூஜ்யம்னு போட்டுடு, மத்தத நான் பாத்துக்கறேன்னுட்டேன்.

அவ மொகம் சிவந்துபோச்சு. போட்டுட்டா. வேலையும் முடிஞ்சுது. மேனேஜர் என் முதுகுல தட்டிக்குடுத்துட்டுப் போனார்.

அடுத்த திங்கக்கிழமை காலைல பட்டியல் அனுப்பற கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் படுத்துடுச்சு. பெரிய விஷயமே இல்ல அது, எப்பவாவது நடக்கறதுதான். பழைய மாதிரி இருந்தா டூல் பேசாம நின்னிருக்கும். இப்பத்தான் நாங்க சொல்லிக்குடுத்துட்டோமே. பட்டியல் வரலையா, சரி பூஜ்யம். பழைய ஏரியா, புது ஏரியா, எல்லா சர்வரையும் தொடச்சுப் போட்டுடுச்சு.

கிளினிக்ல எல்லாம் ஸ்கிரீன் வெள்ளையா நிக்குது. ரத்த டெஸ்டுக்காக வெறும் வயித்தோட வந்தவங்க, குழந்தையத் தூக்கிக்கிட்டு வந்தவங்க. ஒரு ரிசப்ஷன் பொண்ணு போன்ல அழுவுது, சார், இங்க ஹால் நிறைய ஆள் நிக்கறாங்க, யாரு யாருக்கு முந்தி வந்தாங்கன்னுகூட எனக்குத் தெரியலயேன்னு. இவதான் என் கைலேர்ந்து போனப் புடுங்கி, பேப்பர்ல பேர எழுதிக்கம்மா, மத்தியானத்துக்குள்ள ஸ்கிரீனத் திருப்பிக் குடுத்துடறேன்னா. சொன்ன மாதிரியே குடுத்தா. தனியா நகல் எடுத்து வச்சிருந்தா, அதுலேர்ந்து ஒவ்வொண்ணா எழுப்பினா. நான் பக்கத்துல நின்னு காபி வாங்கிக் குடுத்தேன். வேற ஒண்ணும் பண்ணல.

மறுநாள் மீட்டிங். மேனேஜருக்கும் மேல இருக்கறவர் வந்திருந்தார். அந்த வரியத் திரைல போட்டு, இது யாரோட முடிவுன்னு கேட்டார். நான் கத்தினத எங்க டீம்ல கேக்காதவங்க இல்ல. எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க நோட்டப் பாத்தாங்க. மேனேஜர் போனப் பாத்துக்கிட்டு இருக்கார். இவ மெதுவாத் திரும்பி என்னப் பாத்தா. கோவமா இல்ல மாமா. சொல்லுங்கங்கற மாதிரி. என் மேல அவ்வளவு நம்பிக்கை.

நான் தண்ணி பாட்டில்ல ஒட்டியிருந்த காகிதத்தப் பிச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையாவது மிஞ்சட்டுமேன்னுதான் பேசாம இருந்தேன்னு அப்புறம் எனக்கே சொல்லிக்கிட்டேன். பொய். அந்த நேரத்துல ஒரு யோசனையும் இல்ல, வெறும் பயம். இவ முன்னால திரும்பி, நான்தான் எழுதினேன்னா. காவல எடுத்ததும் நீங்கதானான்னு அந்தப் பெரிய அதிகாரி கேட்டார். ஆமான்னா. ரெண்டுமே பொய் இல்லையே. அன்னிக்கே அவள வேலையவிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அவ உங்ககிட்ட இத எதையும் சொல்லல, இல்ல? எனக்குத் தெரியும், சொல்ல மாட்டா. என்னக் காட்டிக்குடுக்க அவளுக்கு மனசு வரல. அதத்தான் மாமா என்னால தாங்க முடியல. நாலு பேர் எதிர்ல என்ன அறைஞ்சிருக்கலாம்.

இல்ல, இல்ல, மேனேஜர்கிட்ட போனேன் மாமா. போகாம இல்ல. நேத்து அவர் ரூமுக்கே போனேன், உண்மையச் சொல்லிடணும்னு. உக்காரக்கூட இல்ல, அவரே ஆரம்பிச்சுட்டார். சொந்தப் பொண்டாட்டின்னும் பாக்காம நடுநிலையா இருந்தீங்க, உங்கள மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்னார். நான் கத்தினப்போ என் பின்னால நின்ன மனுஷன், அவருக்கும் எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றார்.

நான் என்ன சொன்னேனா? தேங்க்ஸ் சார்னு சொன்னேன்.

என்ன மாமா, அத்தை உள்ள அலமாரி திறக்கற சத்தம் கேக்குதே. அவ துணிய எடுத்து வைக்கறாங்களா? ஐயோ, வேணாம்னு சொல்லுங்க. இல்ல மாமா, அவளக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு நான் வரல. அவகிட்ட ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு இருக்கு. வேற ஆள அனுப்பினா நல்லா இருக்காது, நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்கன்னு மேனேஜர் சொன்னார். சரி சார்னு சொல்லிட்டு வந்தேன்.