வாய்க்கால் பலகை

மழையில் நனைந்தால் முட்டைக்கோஸ் கெட்டுவிடும் என்று டவுனில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், சார்ஜன்ட் ஐயா. அப்படியில்லை. வேரில் தண்ணீர் தங்கினால்தான் கெடும். இந்த எண்பத்தொன்றாம் வருஷத்தில் மட்டும் எனக்கு இரண்டு போகம் அப்படிப் போனது.

நீங்கள் கேட்டது அர்ஜுனன் வீட்டைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். கோலா தெர்லாவில் எங்கள் மேட்டில் ஐந்து பலகை வீடுகள். உச்சியில் என் வீடும் தோட்டமும், எனக்கு நேர் கீழே அர்ஜுனன் வீடு. அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டின் மேல்தான் மலைத் தண்ணீர் ஓடும் கால்வாய். பெருமழை வந்தால் அது தாங்காது. அப்போது என் வேலியோரத்தில் இருக்கும் அடைப்புப் பலகையைத் தூக்கிவிட்டால், பாதித் தண்ணீர் என் தோட்டத்து வாய்க்கால் வழியாகப் போய்விடும். யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் தூக்க வேண்டும் என்று ஐந்து வீடும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு. மற்றவர்கள் விடிந்ததும் தேயிலைத் தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய்விடுவார்கள். மிஞ்சுவது நானும் அர்ஜுனனும். அவன் லாரி கவிழ்ந்ததிலிருந்து படுக்கையில் கிடப்பவன்.

இந்த வருஷம் பெருமழை வந்த இரண்டு முறையும் நான்தான் தூக்கினேன். அர்ஜுனன் மனைவி ருக்குமணி பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒங்க மனசு யாருக்குண்ணே வரும்" என்றாள். அழுகிய முட்டைக்கோஸைப் பிடுங்கிப் போட ஒருவரும் வரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரவருக்கு வேலை இருக்கிறது.

நீங்கள் கேட்கிற அந்த நாள் காலையிலும் கொழுந்து பறிக்கப் போகும்போது ருக்குமணி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"வானம் கறுத்துக் கெடக்குண்ணே. அவரப் பாத்துக்குங்க."

"நீ போம்மா. நான்தான் இருக்கேன்ல."

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு பலகைக்குப் போனேன். குனியவும் செய்தேன். திரும்பிப் பார்த்தால் தோட்டம் முழுக்க முட்டைக்கோஸ் இறுக மூடி, அறுக்கிற பதத்தில் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று நிமிர்ந்துவிட்டேன். தண்ணீர் தள்ளியதில் பலகை ஆடியது. ஒரு காலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அர்ஜுனன் கூப்பிட்டான்.

"நல்லுசாமிண்ணே, தண்ணி வீட்டுக்குள்ள வந்துட்டுண்ணே. பலகையத் தூக்குங்கண்ணே."

அவனைத் தூக்கி வெளியே கொண்டுவருவது எனக்குப் பெரிய காரியமில்லை. மாதாமாதம் கிளினிக்குக்கு ரோடு வரைக்கும் என் முதுகில்தான் போவான், ஆள் அவ்வளவு மெலிந்துபோயிருந்தான். ஆனால் தூக்கிவந்திருந்தால், பலகை இறங்கியபடியே இருப்பதைப் பார்த்திருப்பான். ருக்குமணியிடம் சொல்லியிருப்பான். பிறகு அந்த மேட்டில் நான் எந்த முகத்தோடு நடமாடுவது? நீங்களே யோசித்துப் பாருங்கள். கீழே போகவும் முடியவில்லை, காலை எடுக்கவும் முடியவில்லை. என் நிலைமை அப்படி.

அவன் மறுபடியும் கூப்பிட்டான்.

"வரேன் தம்பி" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. காத்திருந்தான். மண்மேடு சரிந்து வீட்டை மூடுகிற வரைக்கும் நான் அங்கேயேதான் நின்றேன்.

என் வாய்க்காலில் தண்ணீர் ஓடிய தடமே இல்லை என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது சரிதான். பலகையை நான் தூக்கவே இல்லை. தூக்காமல் காலால் அழுத்தியும் பிடித்தேன். அவன் உள்ளே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வேலையிலிருந்து ஓடிவந்த ருக்குமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பப் பயந்துட்டாராண்ணே?" என்று கேட்டாள். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் அவளைப் பார்த்தால் சொல்லுங்கள். அவன் பயந்து சாகவில்லை. ஆள் வருகிறது என்ற நம்பிக்கையோடுதான் போனான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தவன் நான்தான், அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.