கீழ்க்குரல்

— உதை வாசிக்க வேண்டாம், அகஸ்ரின். அந்தத் துண்டை இஞ்சை தாங்கோ.

— ஏன் ரீச்சர்? எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினனான்! "கிளாலிக் கடலிலே கணவனைப் பறிகொடுத்த கைகள், இன்று ஸ்காபரோ மேடையிலே கண்ணீரை மீட்டுகின்றன." சனம் உருகிப்போகும்.

— உருக வேண்டாம். கேட்டால் காணும்.

— கேக்காது ரீச்சர். எத்தினை விழா அறிவிச்சிட்டன், எனக்குத் தெரியாதே! டான்ஸ் முடியுது. அடுத்தது வெறும் பியானோ எண்டால் அரைவாசிச் சனம் றோல்ஸும் ரீயும் வாங்க வெளிக்கிட்டிடும். ஒரு கதை சொன்னால்தான் கதிரையில இருக்கும்.

— கதை பாட்டுக்குள்ளயே இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோக்காரர் அதுக்குத்தானே பாடுபட்டவை. சொல்லில்லாமல் படம் காட்டுறது.

— சரி, என்ன படம்?

— படகு. இடக்கை தண்ணி, ஆடிக்கொண்டே இருக்கும். வலக்கையில ரெண்டு குரல். மேல ஒண்டு, கீழ ஒண்டு.

— பாத்தியளே! படகு, தண்ணி, ரெண்டு பேர். நான் எழுதினதுதானே!

— நடுவில காத்து எழும்பும். கீழ்க்குரல் காணாமல் போகும். நீங்கள் அதோட பாட்டை முடிச்சுப்போட்டியள்.

— ஓ... பிறகும் இருக்கோ?

— கனக்க இருக்கு. கீழ திரும்ப ஒரு குரல் வரும். முந்தின மெட்டில்லை, வேற. மேல்குரல் முதல்ல கவனியாத மாதிரிப் போகும். பிறகு சேர்ந்துகொள்ளும்.

— உது சனத்துக்கு விளங்காது ரீச்சர். உங்கடை மனுசன் சூசைப்பிள்ளையரை எண்டால் எல்லாருக்கும் தெரியும்.

— தெரியட்டும். அவருக்கு வருசாவருசம் கோயில்ல பூசை குடுக்கிறன், அழுகிறதையும் அங்கதான் அழுகிறன். இந்த மேடைக்கு அவரை இழுக்கவிடன். பாட்டில இருக்கிற ரெண்டு பேரையும் கரையில இறக்கிப்போட்டுத்தான் பியானோவில இருந்து கையெடுப்பன்.

— கோவிக்காதேங்கோ. ஈஸ்ரருக்கு உங்களிட்டை ஒண்டு கேட்டுப்போட்டு, பதில் வராமல் புத்தி பேதலிச்சுப்போச்சு.

— ஓமோம். கலியாணம் கேட்ட மனுசனே என்ரை செத்த புருசனைப் பற்றி மைக்கில புலம்பப் போறார்! உங்களை என்னெண்டு சொல்லுறது?

— ஐயோ, திரை திறக்கப் போறாங்கள். அப்ப என்னத்தைத்தான் சொல்ல?

— பேர் மட்டும்.

— பேர் மட்டுமோ! "அடுத்து, திருமதி கிளடிஸ் சூசைப்பிள்ளை." அவ்வளவுதானே?

— அதுவும் பிழை.

— என்ன பிழை? நோட்டீசில அப்பிடித்தானே அடிச்சிருக்கு.

— நோட்டீஸ் போன மாசம் அடிச்சது. வடிவாச் சொல்லுங்கோ, பின்வரிசைக்கும் கேக்கோணும்: கிளடிஸ் அகஸ்ரின்.