தாகத்திலும் பங்கு கேட்டேன்

நடு நாற்காலியில் அமர்ந்து, நான் எத்தனை நிமிடத்தில் முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர், எங்கள் சிறுநீரகப் பிரிவின் பெரிய டாக்டர் அவர்களே! அவருக்கு இருபுறமும் வெண்மையாய் வீற்றிருக்கும் செவிலித் தங்கைகளே! ஊசி குத்தியே உறவு வளர்த்த ரத்தப் பரிசோதனைக்கூடத்துச் சகோதரியே! வாரத்தில் மூன்று நாள் எந்திரத்தோடு கை கோத்துப் படுத்திருந்து, மற்ற நாளில் எழுந்து வேலைக்குப் போகும் வீரர்களே! அவர்களுக்கு முன்னே விழித்து, அவர்களுக்குப் பின்னே உண்ணும் அன்னையரே, மனைவியரே, அக்கா தங்கைகளே! துணைக்கு வந்த பெரியோர்களே! உங்கள் அத்தனை பேரையும் படைத்து, அளந்து, அனுப்பி வைத்த ஆண்டவனை முதலில் வணங்கி, அடுத்தபடியாக உங்களை வணங்குகிறேன்.

என்னம்மா? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? ஒலிபெருக்கித் தம்பி, கொஞ்சம் கூட்டி வையுங்கள். என் குரலுக்கும் எல்லை உண்டு. இன்றைய தலைப்பே அதுதான்!

இந்தக் கூட்டத்தை நடத்தும் சங்கத்தார் எனக்கு ‘உடலின் எல்லைகள்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு, சின்ன உடம்பு. இந்த உடம்பைப் பற்றி நாம் பேசும் பேச்சென்ன, பெருமையென்ன! மலை ஏறுகிறோம், கடல் கடக்கிறோம், விண்ணில் பறக்கிறோம். ஆனால் உடம்புச் சூடு நாலு டிகிரி ஏறட்டும், நாக்கு குழறும். மூச்சு மூன்று நிமிடம் நிற்கட்டும், முழு வீடும் அலறும். ரத்தத்தில் உப்பு ஒரு சிட்டிகை கூடட்டும், குறையட்டும், பெற்ற பிள்ளையின் பெயர் மறக்கும். இவ்வளவு குறுகிய வரப்பின் மீதுதான் நாம் இத்தனை காலமும் கைவீசி நடந்துகொண்டிருக்கிறோம்! நடத்துகிறவன் யார்? அந்த வரப்பைப் போட்டவன் யார்? அவன் போட்ட வரப்பை நான் எப்படித் தாண்டினேன், தாண்டி எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதே என் கதை.

எங்கள் வீட்டுக்காரர் பூட்டு பழுது பார்ப்பவர். சாவி தொலைத்தவர்களுக்கெல்லாம் வழி திறந்து விட்டவர். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஒரே ஆண்டில் தாழிட்டுக்கொண்டன. அந்தத் தாழுக்கு மட்டும் அவரிடம் சாவி இல்லை. டயாலிசிஸ் என்றார்கள். கூடவே ஒரு கட்டளையும் போட்டார் நம் தலைவர்: “ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர் தண்ணி. அதுக்கு மேல ஒரு வாய் கூடாது.”

ஏன் அந்தக் கட்டளை? அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை. குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். எந்திரம் இழுத்துவிடாதா என்று கேட்டேன். இழுக்கும், ஆனால் நாலு மணி நேரத்தில் இவ்வளவுதான் இழுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், கால் சுண்டும், இதயம் தடுமாறும். எந்திரத்துக்குத் தாங்கும்; மனிதனுக்குத் தாங்காது. அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். காலை எடை, மாலை எடை, குடித்த தண்ணீர், குழம்பில் போன தண்ணீர், மாத்திரைக்குக் குடித்த ஒரு மிடறு வரைக்கும் எழுதினேன். அவர் எனக்குக் ‘கணக்கம்மா’ என்று பெயரே வைத்துவிட்டார்.

ஒரு நாள் கணக்கு இடித்தது. தண்ணீர் ஐந்து டம்ளர்தான். தராசோ அரை கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. தேடினேன். ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டிகள் குறைந்திருந்தன! மறுநாளே ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! பூட்டுக்காரரிடமிருந்து ஒரு பொருளைப் பூட்டி வைத்த புத்திசாலி இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அடுத்த வாரமும் தராசு அதையே சொன்னது.

“என்னங்க, பூட்டை உடைச்சீங்களா?”

“உடைக்கிறதா? என் தொழிலை அவமானப்படுத்தாதம்மா. திறந்தேன், எடுத்தேன், திரும்பப் பூட்டினேன். அது நல்ல பூட்டே இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவர் மெலிந்துகொண்டும் வந்தார். கடையை மதியம்வரைதான் திறந்தார். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள்தான் திறந்தார். எட்டாவது மாதம் தலைவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார், மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் நல்லது, தாமதிக்க வேண்டாம் என்று. அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரை. என் நாத்தனாருக்கு ரத்த அழுத்தம். பொது வரிசையில் பெயர் கொடுத்தால் எங்களுக்கு முன்னால் எழுபது பேர். ரத்தப் பிரிவு எனக்குப் பொருந்தியது. மிஞ்சியது நான். என் சிறுநீரகம் தேறினால் அவர் எழுவார்; தேறாவிட்டால் எழுபது பேருக்குப் பின்னால் நிற்க வேண்டும். நிற்கும் வலு அவர் காலில் இல்லை.

முதல் பரிசோதனை. முடிவு சரியில்லை. கழிவுப்பொருளின் அளவு என் ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. இரண்டாம் பரிசோதனை, இன்னும் மோசம்! தலைவர் வருத்தத்தோடு சொன்னார், “அம்மா, உங்க கிட்னியே மெதுவா வேலை செய்யுது போலருக்கு. உங்களை ஆபத்துல தள்ளி அவரைக் காப்பாத்த முடியாது. மூணாவது தடவை பார்ப்போம். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் குழு முடிவெடுத்துடும்.”

இப்போது உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஐந்து டம்ளர் என்று சொன்ன நாளிலிருந்து நானும் ஐந்து டம்ளர்தான் குடித்தேன். யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. அவர் நாக்கு வறண்டு கிடக்க, நான் மட்டும் சொம்பைக் கவிழ்ப்பதா? சுகத்தில் பங்கு கேட்டவள் தாகத்தில் பங்கு கேட்க வேண்டாமா? அதோடு நின்றேனா? பரிசோதனை நல்லபடியாக முடிய வேண்டுமே என்று இறைவனுக்கு வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முதல் நாளே தண்ணீரும் தொடாத விரதம் இருந்தேன். முதல் முறை ஒரு நாள். முடிவு சரியில்லையா, என் வேண்டுதல்தான் போதவில்லை என்று நினைத்து, அடுத்த முறை ஒன்றரை நாள். மூன்றாவது முறைக்கு இரண்டு நாள்! வேண்டுதல் ஏற ஏற, முடிவு இறங்க இறங்க, என் பக்தியில்தான் குறை என்று அழுதேனே தவிர, என் தொண்டையைக் கேட்டேனா? கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும்.

மூன்றாவது முறை ஒரு கேன் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் பிரியும் சிறுநீரை அதில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். கொண்டுபோய்ப் பரிசோதனைக்கூடத்தில் வைத்தேன். அங்கே இருந்த தங்கை, அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாளே, அவளேதான், கேனைத் தூக்கிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள்.

“அக்கா, மீதியை வீட்டுலயே மறந்துட்டீங்களா?”

“மறக்கிற ஆளா நான்? முழுசும் இதுலதான் இருக்கு.”

“முழுசுமா! என் மூணு வயசுப் பையன் மத்தியானத்துக்குள்ள இதைவிட அதிகம் போவான்க்கா!”

பிறகு ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தாள். இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை. வலது கையிலும் கிடைக்கவில்லை. தட்டினாள், தடவினாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாங்கக்கா.”

“மாட்டேம்மா. வேண்டுதல்.”

“எப்பருந்து?”

“முந்தாநாள் காலையிலருந்து.”

“அதுக்கு முன்னாடி நல்லா குடிச்சீங்களா?”

“அஞ்சு டம்ளர்.”

“அஞ்சா? யாரு சொன்னா?”

“டாக்டர்தான்.”

“ஐயோ அக்கா, அது அண்ணனுக்குல்ல சொன்னாரு!”

எட்டு மாதம் ஒரு சொட்டு விடாமல் கணக்கெழுதிய கை, அன்று அவள் மேசையின்மேல் நரம்பு இல்லாமல் கிடந்தது. அவள் ஊசியைக் கீழே வைத்தாள், ஓடினாள், தலைவரைக் கையோடு அழைத்துவந்தாள்.

தலைவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. “அம்மா, உடம்புல சேர்ற கழிவை வெளிய அனுப்ப ஒரு நாளைக்கு அரை லிட்டராவது சிறுநீர் வேணும். அதுக்குக் கீழ போனா எந்தக் கிட்னியாலயும் முடியாது. உங்க கிட்னி மேல சந்தேகப்பட்டேன், தப்பு. நீங்க ஒண்ணுமே கொடுக்காதப்போ, கெடைச்ச சொட்டை வச்சு உங்களை உயிரோட நிறுத்தியிருக்கு. மூணு வாரம் நல்லா தண்ணி குடிங்க. மறுபடியும் பார்ப்போம்” என்றார்.

தலைவர் அவர்களே, அன்று நீங்கள் சொன்ன ‘தப்பு’ என்ற அந்த ஒரு சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. எத்தனை பேர் சொல்லும் சொல் அது?

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி உட்கார்ந்தேன். “ஆண்டவனே, நான் என்ன கொடுத்தேன் உனக்கு? பசி கொடுத்தேன், தாகம் கொடுத்தேன், மயக்கம் கொடுத்தேன். நீ கேட்டாயா இதையெல்லாம்? இந்த உடம்புக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு உறக்கம், இவ்வளவு சோறு என்று அளந்து எழுதியவன் நீ. நீ எழுதிய கணக்கை அடித்துவிட்டு, அதன்மேல் என் கணக்கை எழுதி, அதற்குப் பக்தி என்று பெயரும் வைத்தேனே!” அன்றிலிருந்து வேண்டுதலை மாற்றினேன். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். டம்ளருக்கு ஒரு பிரார்த்தனை.

ஆனால் எங்கே குடிப்பது? தாகத்தில் தவிக்கிறவர் கூடத்தில் படுத்திருக்கிறார். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் திருடியைப் போல் குடித்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் வெளியே வந்தால், கதவருகில் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார். பூட்டுக்குள் ஊசி நகரும் சத்தம் கேட்டே பழகிய காதல்லவா அது!

“குழாய் ஓடுது, வாளி நிரம்புற சத்தம் காணோமே. உள்ள என்ன பண்றே?”

சொன்னேன். எட்டு மாதக் கதையையும் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு மாசமா என்கூட சேர்ந்து நீயும் வறண்டு கெடந்தியா? யாரைக் கேட்டு?”

“நீங்க தவிக்கும்போது எனக்கு எறங்கலைங்க.”

“லூசும்மா நீ. உன் தாகத்தால என் தாகம் ஒரு சொட்டு கொறைஞ்சுதா?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார், “இனிமே என் எதிர்ல உக்காந்து குடி. பார்த்தா எனக்குத் தாகம் ஏறும்தான். ஏறட்டும்! எனக்கு வரப்போற கிட்னி நல்லா நனைஞ்சு வரட்டும்!”

மூன்று வாரம்! நான் குடிக்க, அவர் எண்ண, நோட்டுப் புத்தகம் அவர் கைக்குப் போய்விட்டது. “ஒன்பது. இன்னும் நாலு பாக்கி. ஏமாத்தாதே!” என் வாழ்நாளில் என்னை ஒருவர் அப்படி மிரட்டியதில்லை, அப்படி ஒரு மிரட்டலுக்கு நான் ஏங்கியிருந்தேன் என்பதும் அன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலாவது பரிசோதனை. கேன் நிறைந்தது! நரம்பு கிடைத்தது! கழிவின் அளவு இறங்கியது! குழு கூடியது, கேட்டது, கையெழுத்திட்டது! கைதட்டுகிறீர்களா? பொறுங்கள், பொறுங்கள், இதைவிடப் பெரிய கைதட்டல் ஒன்று பாக்கி இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்து எங்கள் இருவரையும் தனித்தனி அறையில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அரை மயக்கம். என் நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறாள். “அண்ணி! வந்துடுச்சு அண்ணி! அண்ணனுக்கு வந்துடுச்சு! பையில பாதி ரொம்பிடுச்சு!” தாழ்வாரத்தில் நின்றவர்கள், யார் யாரோ, எந்தெந்த நோயாளியின் உறவினரோ, எல்லோரும் கைதட்டினார்கள். சிறுநீரைப் பார்த்துக் கைதட்டிய கூட்டத்தை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? நான் கண்டேன். தங்கம் வந்ததென்று சொல்லியிருந்தாலும் அப்படித் தட்டியிருக்க மாட்டார்கள்!

நாலாம் நாள் என்னை நடத்தி அவர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அன்று செவிலித் தங்கை அவரிடம் சொன்னாள், “அண்ணே, இனிமே தினம் மூணு லிட்டர் குடிக்கணும். இந்தாங்க.” முழு டம்ளர் தண்ணீர், விளிம்புவரை! ஏறக்குறைய ஓர் ஆண்டு ஐஸ் கட்டிக்கு அலைந்தவர் அல்லவா, ஒரே மூச்சில் கவிழ்ப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். டம்ளரை இறக்கினார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

“நீ குடிச்சியா?”

அன்னையரே! அந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நோயாளியைக் கேட்கிறார்கள்: மருந்து சாப்பிட்டாயா, தூங்கினாயா, வலி குறைந்ததா? கட்டில் ஓரத்தில் நிற்கிறவளை யார் கேட்கிறார்கள்? உண்ணாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று புகழ்கிறார்கள். உறங்காமல் பார்த்துக்கொள்கிறாள் என்று போற்றுகிறார்கள். அவள் தெய்வம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். தெய்வத்துக்குச் சிறுநீரகம் கிடையாது ஐயா! அவளுக்கு உண்டு! தெய்வத்துக்கு நரம்பு வற்றாது! அவளுக்கு வற்றும்! அவளுக்கும் அரை லிட்டர் எல்லை உண்டு, ஆறு மணி நேர உறக்கத்தின் எல்லை உண்டு, தூக்கும் பாரத்துக்கு எல்லை உண்டு, தாங்கும் துயரத்துக்கும் எல்லை உண்டு! அன்புக்கு எல்லை இல்லாமல் இருக்கட்டும். அந்த அன்பைச் சுமக்கிற உடம்புக்கு எல்லை உண்டு என்பதை அறிந்து சுமப்போம்!

ஆகவே ஆண்களே, பிள்ளைகளே, எந்திரத்தோடு படுத்திருக்கும் என் சகோதரர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வேறெதுவும் செய்ய வேண்டாம். உங்களுக்கு டம்ளரை நீட்டுகிறவளைப் பார்த்து ஒரே ஒரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். “அப்புறம் குடிக்கிறேன்” என்றால் விடாதீர்கள்.

என் சிறுநீரகத்தைச் சந்தேகித்து, சந்தேகத்தைத் திருத்தி, வெட்டி, தைத்து, இன்று இரண்டு பேரையும் நடமாட வைத்த தலைவருக்கும், கேனை ஆட்டிப் பார்த்த தங்கைக்கும், கூட்டம் நடத்திய சங்கத்தாருக்கும், இவ்வளவு நேரம் கொட்டாவியை எல்லை மீறாமல் காத்த உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. அளந்து கொடுத்த ஆண்டவன் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆயுளை மட்டும் அளக்காமல் கொடுக்கட்டும். வணக்கம்!