எந்தக் கேள்விக்குக் கீழே

"என் பேரையும் போடுங்க சார்" என்று மேலாளரிடம் கேட்டேன். அதை மட்டும் கேட்காதே என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். "உள்ள விட்டதே பெருசும்மா. வாய மூடிட்டு வேலையப் பாரு." எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

மேலாளர் சிரித்தார். "நீ என்ன புள்ளையா பெத்திருக்க, பேரு வைக்க?"

ஆலையின் பாய்லர் ஆட்கள் கேள்வி போட்டுப் பதில் வாங்கும் செய்திக்குழு மென்பொருள் நான் எழுதியது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. பதில் எழுதினால், எந்தச் செய்திக்குப் பதிலோ அதன் எண்ணும் கூடவே வரும். அதைப் பார்த்து மென்பொருள் பதிலைக் கேள்விக்குக் கீழே கோத்துவிடும். அதை நம்பி, கேள்வியை யாரும் திருப்பி எழுதுவதில்லை. ஒற்றைச் சொல்லில் பதில் போடுவார்கள். முகப்பில் மேலாளர் பெயர் மட்டும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மென்பொருள் ஒரு முறை சொதப்பினால் போதும், மேலாளர் தலை உருளும்.

செவ்வாய் காலை இரண்டு கேள்விகள் வந்தன. பழைய பாய்லர்காரர் கேட்டது: "மூடியக் கழட்டலாமா?" மூன்றாம் பாய்லர் அண்ணன் கேட்டது: "மீட்டர் ஓடல. பிரஷர் இறங்கிடுச்சா, மூடியக் கழட்டலாமா?" இந்த அண்ணன்தான் குழுவில் புதிதாக வருபவர்களிடம், "நம்ம தங்கச்சி எழுதினது, தப்பாது" என்று சொல்வார். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பாதுகாப்புப் பொறியாளர் முதல் கேள்விக்குக் "கழட்டலாம்" என்றார், இரண்டாவதற்கு "வேண்டாம்" என்றார். யாரும் திறந்து பார்ப்பதற்குள் பதில்களில் இருந்த எண்களை இடம் மாற்றினேன். ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

விடுப்புக் கேள்விகள் நாற்பது கிடந்தன. அவற்றிலும் மாற்றியிருக்கலாம். ஆனால் அதை யார் கவனிப்பார்கள்?

பழைய பாய்லர்காரர் சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தார். அண்ணன் கழற்றினார். முகத்தை மூடித்தான் எடுத்துப்போனார்கள்.

நேற்று போலீஸார் மேலாளரை அழைத்துப்போய்விட்டார்கள். விசாரணை அறிக்கையில், அவர் எழுதிய மென்பொருளின் பிழை என்று இருக்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை. அதில் பிழையே கிடையாது. எழுதியதும் அவர் இல்லை.

நான் எழுதிய இதையெல்லாம் குழுவில் அண்ணனின் கேள்விக்குப் பதிலாகப் போடுகிறேன். சரியாக அதற்குக் கீழேதான் போய் நிற்கும், பாருங்கள்.

நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டேன். காவல் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே போய்க் கேட்கப்போவது ஒன்றுதான். என் பெயரைப் போடுங்கள். அப்பாவின் இனிஷியலோடு.