கத்தி ஆடக் கூடாது

— கத்தியப் புடுங்குங்க சார்! வயித்துல நட்டுக்கினு நிக்குது, நீங்க வேடிக்க பாக்குறீங்க!

— கைய எடு ஆதிமூலம். தொட்டா உன் தம்பி முத்துசாமி செத்துடுவான்.

— உள்ளயே கெடந்தா பொழப்பானா? புடுங்கலன்னா உங்க கழுத்த நெரிச்சிடுவேன்!

— நெரி. அப்புறம் இவன யாரு பாக்குறது? கத்திதான் ரத்தத்த அடைச்சிக்கினு நிக்குது. போன மாசம் பாண்டியில எங்களுக்கு வகுப்பு வச்சாங்க. புடுங்குன கேசு, புடுங்காத கேசு, ரெண்டயும் எண்ணிப் பாத்திருக்காங்க. வூட்டுக்கு நடந்து போனவன் முக்காவாசி புடுங்காத பக்கம்.

— போன வருஷம் நீங்களே ஒண்ணு புடுங்கினீங்களே டாக்டர்?

— புடுங்கினேன், செலின் சிஸ்டர்.

— கத்தி நல்லா வந்துச்சு. ஆளுதான் வரல.

— அதுக்குத்தான் வகுப்புக்குப் போனேன். கத்தியச் சுத்தித் துணிய அடைங்க. குத்துனது யாரு ஆதிமூலம்?

— மூஞ்சி தெரியல சார். ஒரே இருட்டு.

— பட்டப்பகல்லயா?

— கரும்புக்குள்ள சார். கரும்பு ஒசரம்.

— கத்தி யாருது?

— எங்க வூட்டுக் கறிக்கத்திதான். எடுத்துக் குடுத்தீங்கன்னா கழுவிக்கினு போயிடுவேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம, கறி வெட்டணும்.

— டாக்டர், பாண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போவ ஜீப் வந்துடுச்சு. தவளக்குப்பம் வரைக்கும் ரோடு பூரா பள்ளம். கத்தி ஆடுச்சுன்னா?

— ஒருத்தர் பிடியப் புடிச்சிக்கினே வரணும். நான் மூச்சப் பாக்கணும், நீங்க குளுக்கோஸ் பாட்டிலத் தூக்கணும்.

— இவரு புடிக்கட்டும். பழகுன கை.

— நான் மாட்டேன் சிஸ்டர்! கை நடுங்குது!

— இப்பதான் நடுங்குதா?

— ஏறுய்யா. இழுக்காத, அமுக்காத. அப்படியே புடி. டிரைவர், எடு!

— ஐயோ, பள்ளம்! மெதுவாப் போடா பாவி, எந்தம்பி சாவறான்டா!

— அழுவாத ஆதிமூலம், கத்தி ஆடுது.

— டாக்டர், கண்ணத் தொறந்துட்டாரு! இன்னாமோ சொல்றாரு!

— முத்துசாமி, டாக்டர் பேசறேன். யாருப்பா உன்னக் குத்துனது?

— அண்ணே... கெட்டியாப் புடி. நான் செத்தா உன்னத் தூக்குல போட்டுடுவானுங்க.